இரண்டு கேன் தண்ணீர், ஒரே எண்

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் 60 லிட்டர் தொட்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் வீட்டு போர் தண்ணீர். இன்னொன்றில் கொல்லிமலைத் தண்ணீர். எனக்கு வேலை செம்மேட்டில். காரவள்ளியில் ஆரம்பிக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை வாரம் ஆறு நாள் பைக்கில் ஏறி இறங்குகிறவன், இறங்கும்போது ஒரு 20 லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு வருவது பெரிய விஷயமில்லை. கோயில் ஆற்றில் நான் எடுப்பதில்லை. செம்மேட்டுப் பக்கம் ஒரு ஊற்று ஓடை, அதில்தான் பிடிப்பேன்.

முதல் நாள் இரண்டு தண்ணீரையும் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தேன். போர் தண்ணீர் பிஎச் 7.2. மலைத் தண்ணீர் பிஎச் 7.2. இரண்டும் ஒரே இளம்பச்சை.

அன்றைக்கு நான் எடுத்த முடிவு, "ரெண்டும் ஒண்ணுதான், கவலையில்ல." அதற்கான விலையைப் பன்னிரண்டு நியான் டெட்ராக்கள் கொடுத்தன. இந்தக் குறிப்பு அந்தச் சாவுக் கணக்குதான். கூடவே, செடித்தொட்டிகளைப் பற்றி நாம் வாசிக்கிற புத்தகங்களையும் பார்க்கிற வீடியோக்களையும் பற்றிய ஒரு விமர்சனம். தண்ணீரை ஒரே எண்ணால் அளக்கலாம் என்ற நம்பிக்கையை இவற்றில் பெரும்பாலானவை நமக்குள் விதைத்துவிடுகின்றன. அந்த நம்பிக்கை தப்பு.

ஒரு இரவு வெளியில் வைத்த டம்ளர்

போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, காலையில் மறுபடி பிஎச் பாருங்கள். எங்கள் வீட்டில் 7.2 ஆக இருந்தது காலையில் 8.2 ஆகியிருந்தது. யாரும் எதுவும் கலக்கவில்லை. நிலத்துக்கடியில் தண்ணீர் நிறைய கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும். மேலே வந்ததும் அது காற்றில் போய்விடும். அமிலம் போனது, பிஎச் ஏறியது. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று தெரிய, கேஎச்-ஐ மூன்றால் பெருக்க வேண்டும். பிறகு 7-லிருந்து பிஎச்-ஐக் கழித்து, வரும் எண்ணை 10-க்கு அடுக்காகப் போட்டு அதாலும் பெருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரின் கேஎச் 15. பிஎச் 7.2 என்றால் கார்பன் டை ஆக்சைடு சுமார் 28 மில்லிகிராம். மலைத் தண்ணீரின் கேஎச் வெறும் 1. அதே 7.2-க்கு அங்கே இருப்பது 2 மில்லிகிராம்கூட இல்லை.

ஆக ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு கதை. ஒன்று, நிறைய அமிலமும் நிறைய காரமும் இழுபறியில் நிற்கிற தண்ணீர். மற்றொன்று, இரண்டுமே இல்லாத தண்ணீர். ஒருத்தரிடம் பத்து லட்சம் இருக்கிறது, ஒன்பது லட்சம் கடன் இருக்கிறது; இன்னொருத்தரிடம் கையில் ஒரு லட்சம், கடன் இல்லை. மிச்சம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் நாளைக்கு ஒரு செலவு வந்தால் இருவரும் ஒரே மாதிரியா சமாளிப்பார்கள்? பிஎச் நமக்குக் காட்டுவது அந்த மிச்சத்தை மட்டும்.

இந்தக் கேஎச் என்ற பெயரே ஒரு குழப்பம். ஜெர்மன் மொழியில் 'கார்பனேட் கடினத்தன்மை' என்ற சொல்லின் சுருக்கம் அது. ஆனால் அது அளப்பது கடினத்தன்மையை அல்ல, காரத்தன்மையை, பெரும்பாலும் பைகார்பனேட்டை. அமிலம் வந்து விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் 'தாங்கல் கரைசல்' என்று படித்தோமே, அதேதான். கடினத்தன்மை வேறு: கால்சியமும் மக்னீசியமும். அதற்கு ஜிஎச் என்று பெயர்.

இதை எங்க அம்மா சோதனைக் குழாய் இல்லாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார். கேனைக் கொண்டு வந்து வைத்த ரெண்டாவது வாரமே ஒரு சொம்பு குறைந்தது. கேட்டேன்.

"அந்தத் தண்ணியில பருப்பு ரெண்டு விசில்லயே மசியுது கண்ணு. போர் தண்ணியில அஞ்சு விட்டாலும் முழிச்சுக்கிட்டுக் கெடக்குது. உம்மீனுக்கு ஒரு சொம்பு கொறஞ்சா என்ன போச்சு?"

பருப்பு வேகாதது, சோப்பு நுரைக்காதது இரண்டும் கால்சியம், மக்னீசியத்தின் வேலை. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது, அந்தக் கால்சியம் பைகார்பனேட்டோடு சேர்ந்து சூட்டில் பிரிந்து வருவது. சமையலறையில் ஜிஎச்சும் கேஎச்சும் தனித்தனியாகவே தெரிகின்றன. பிஎச் மட்டும் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

மலை ஏன் மென்மை

கொல்லிமலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. கடினமான, பழைய பாறை; சுண்ணாம்பு அதிலிருந்து எளிதில் கரைந்து வராது. அதைவிட முக்கியம், மலையின் உச்சித் தளங்களில் பாக்சைட் இருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் பாக்சைட் வெட்டி எடுத்துப் போனார்கள். பாக்சைட் எப்படி உருவாகும்? பாறையில் இருக்கும் கால்சியம், மக்னீசியம், சோடியம், கடைசியில் சிலிக்காகூட மழையில் கரைந்து கரைந்து போய், கரையாத அலுமினியமும் இரும்பும் மிச்சமாக நிற்கும்போது. அதாவது, இந்த மலையின் மேல்மண்ணில் தண்ணீருக்குக் கொடுக்க இருந்த சுண்ணாம்பையெல்லாம் மழை லட்சக்கணக்கான வருஷங்களாகக் கழுவிக் கீழே கொண்டு போய்விட்டது. ஓடைத் தண்ணீர் மென்மையாக இருப்பதன் காரணம் அதன் 'தூய்மை' அல்ல. அங்கே எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சமவெளியில் கதை தலைகீழ். மழை குறைவு, ஆவியாதல் அதிகம். கரைந்து வந்த சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கி வெள்ளைக் கட்டிகளாகிறது. காட்டை உழும்போது கிளம்புமே, சுக்கான் கல், அதுதான். போர் தண்ணீர் அதற்குள் ஊறி வருகிறது. எங்கள் போர் தண்ணீரின் ஆய்வு அறிக்கையில் மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 270 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 420. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (10500, 2012) இரண்டுக்கும் விரும்பத்தக்க வரம்பாக 200-ஐயும், வேறு தண்ணீர் கிடைக்காதபோது 600 வரையும் வைக்கிறது. ஆக எங்கள் தண்ணீர் ஒன்றும் அதிசயமில்லை. நாமக்கல் பக்கத்து வீடுகள் பலவற்றில் இதுதான்.

இந்த அறிக்கை எண்ணை மீன் புத்தக எண்ணாக்க 17.85-ஆல் வகுக்கவும். 270 என்றால் 15 டிகிரி. அந்த 17.85 எங்கிருந்து வந்தது? லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் ஆக்சைடு என்பது ஒரு ஜெர்மன் டிகிரி. அதைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 17.85. அலகே ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. பொழுதுபோக்கின் அடித்தளச் சொற்கள் வேறொரு ஊரின் குழாய்த் தண்ணீரில் ஊறி வந்தவை என்பதற்கு இது சின்ன அடையாளம்.

எழுதியவர் வீட்டுத் தண்ணீர்

செடித்தொட்டி பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருமே தங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் எழுதுகிறார்கள். தகாஷி அமானோ ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்தவர். அவருடைய தொட்டிகளின் படங்களைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற பலர் இதற்குள் விழுந்தோம். ஜப்பானின் குழாய்த் தண்ணீர் பொதுவாக மென்மையானது. அதில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பிஎச் லேசாக இறங்கி 6.5 பக்கம் நிற்கும். அந்த 6.5 அங்கே ஒரு விளைவு. ஆனால் அது நம்மிடம் வந்து சேரும்போது ஒரு கட்டளையாகிவிடுகிறது: "செடிக்கு 6.5 வேணும்." நம்ம தமிழ் வீடியோக்களில் பாதி இந்தக் கட்டளையை அப்படியே ஒப்பிக்கின்றன. கேஎச் என்ற சொல் வருவதே அபூர்வம்.

டயானா வால்ஸ்டாடின் செடித்தொட்டிச் சூழலியல் புத்தகம் (1999) இதற்கு நேர் எதிர்த் திசை. அவர் அமெரிக்கர், நுண்ணுயிரியல் படித்தவர். நீர்த்தாவரங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வாசித்து, அதைத் தன் வீட்டுத் தொட்டிகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். அடியில் சாதாரணத் தோட்டமண், மேலே ஜல்லி, நிறையச் செடி, கொஞ்சம் வெயில். மண்ணில் இருக்கும் மக்கு சிதையும்போது கார்பன் டை ஆக்சைடு வரும், சிலிண்டர் வேண்டாம். மீன் தீனியே செடிக்கு உரம். அவருடைய வாதங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது இது: நீர்த்தாவரங்கள் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் எடுக்கின்றன, ஆகவே நல்ல செடித்தொட்டியில் செடியே வடிகட்டி, பெரிய ஃபில்டர் அதற்குப் போட்டி.

இந்தத் துறையில் நான் வாசித்தவற்றில் இதுதான் நேர்மையான புத்தகம். காரணம் கேட்டால் காரணம் சொல்கிறது. அட்டவணை காட்டுகிறது. பாட்டில் விற்கவில்லை. ஆனால் அது நம்மிடம் வந்து சேர்ந்த விதம் வேறு. "மண்ணைப் போடு, செடியைப் போடு, தண்ணி மாத்தாதே" என்று மூன்று வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. நானும் அந்த மூன்று வாக்கியத்தைத்தான் பின்பற்றினேன். கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை செடிகளுக்கு எவ்வளவு முக்கியம், மென்னீர்த் தொட்டிகளில் செடிகள் ஏன் தோற்கின்றன என்று அவர் விரிவாக எழுதிய பகுதியை வேகமாகப் புரட்டிவிட்டேன். மலைத் தண்ணீர் இருக்கிறதே, நமக்கு அது எதற்கு என்ற நினைப்பு.

மலைத்தொட்டியில் நடந்தது

எல்லாம் மலையிலிருந்தே வரட்டும் என்று அங்கிருந்து செம்மண்ணையும் கொண்டு வந்து அடியில் போட்டேன். போர் தொட்டியில் பக்கத்துத் தோட்டத்து மண். அதில் சுக்கான் கல் கிடந்தது, அதைப் பொறுக்கி எடுக்கச் சோம்பல். இரண்டிலும் ஏரியிலிருந்து எடுத்த ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா. போர் தொட்டிக்குக் கப்பியும் மோலியும். மலைத்தொட்டிக்கு மீன்கடைக்காரர் நியான் டெட்ராவைச் சொன்னார்.

"மலத் தண்ணிங்களா சார்? அப்ப டெட்ரா தாங்க. அதுக்கு அமேசான் மாதிரி இருக்குமுங்க. ஒரு நல்ல ஃபில்டர் மட்டும் மாட்டிருங்க, அப்பறம் பாக்கவே வேண்டாமுங்க."

அவர் சொன்னதில் பாதி சரி. நியான் டெட்ரா மென்னீர் மீன்தான். ஃபில்டரை மாட்டினேன்.

மூன்றாவது வாரம் மலைத்தொட்டியில் வாலிஸ்நேரியா அழுக ஆரம்பித்தது. ஹைட்ரில்லா நூல் மாதிரி நீண்டது, புதுக் கொழுந்து முறுக்கிக்கொண்டு வந்தது. போர் தொட்டியில் அதே வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டு மூலைக்கு மூலை முளைத்தது. 'நல்ல தண்ணீர்' தொட்டியில் செடி சாகிறது, 'உப்புத் தண்ணீர்' தொட்டியில் செழிக்கிறது. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

ஏனென்று இப்போது தெரியும். புதுத் திசு கட்டக் கால்சியம் வேண்டும். அது அந்தத் தண்ணீரிலும் இல்லை, அந்தச் செம்மண்ணிலும் இல்லை. இன்னொன்று, ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் பைகார்பனேட்டிலிருந்தே கரியை உருவி எடுக்கத் தெரிந்த செடிகள். நம்ம ஏரிகளில் அவை காடாக வளர்வதற்கு அந்தத் திறமை ஒரு காரணம். எல்லாச் செடிக்கும் அது கிடையாது; பாதி நேரம் கரையில் வளரும் சதுப்புச் செடிகள் பலவற்றுக்குக் கரைந்த கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் சோறு. பைகார்பனேட் தின்னும் செடியைப் பைகார்பனேட் இல்லாத தண்ணீரில் நட்டுவிட்டு, மலைக்காற்று வாங்கிக்கொண்டு வளரும் என்று காத்திருந்தேன்.

செடி படுத்ததும் அம்மோனியம் யாருக்குப் போகும்? ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு. இங்கேதான் காரக் கணக்கு வருகிறது. புத்தகத்தின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மீன் அம்மோனியாவை வெளிவிடும்போது தண்ணீரின் காரத்தன்மை ஒரு பங்கு கூடும். செடி அந்த அம்மோனியத்தை எடுத்தால் ஒரு பங்கு குறையும், கணக்கு சரியாகிவிடும். பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கினால் இரண்டு பங்கு குறையும். நிகரமாக ஒரு பங்கு நஷ்டம். வால்ஸ்டாட் சொல்வதுபோலச் செடியே வடிகட்டியாக இருந்தால் மென்னீரும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். செடி தோற்று ஃபில்டர் ஜெயித்தால் தாங்கல் கரைந்துகொண்டே போகும்.

எவ்வளவு வேகமாக? 60 லிட்டர் தண்ணீர், கேஎச் 1. அதில் இருக்கும் மொத்தக் காரம் ஒரு கிராம் சுண்ணாம்புக்குச் சமம். ஒரு சிட்டிகை. நான் தினம் போட்ட தீனி அரை கிராம், அதில் 40 சதவீதம் புரதம். அதில் நைட்ரஜன் 32 மில்லிகிராம். அத்தனையும் நைட்ரேட்டாகிறது என்று வைத்தால் தினம் 0.11 கிராம் காரம் காலி. பத்து நாளில் கஜானா சுத்தம். வாரம் ஒரு கேன் புதுத் தண்ணீர் மாற்றினேன். அது கொண்டு வந்த காரம் 0.36 கிராம், வாரச் செலவு 0.8 கிராம். பக்கத்துப் போர் தொட்டியில் இருப்பு 16 கிராம். மண்ணில் கிடந்த சுக்கான் கல் கரைவதைக் கணக்கில் சேர்க்காமலே நாலரை மாசம் தாங்கும். கல்லைப் பொறுக்காத சோம்பல் அங்கே என்னைக் காப்பாற்றியது.

இரண்டு தண்ணீரும் பிஎச் 7.2 என்று எழுதி வைத்தேனே, அந்த எண்ணுக்குள் இந்த ஒன்றும் பதினாறும் எங்கேயாவது தெரிந்ததா?

ஏழாவது வாரம் சோதனைக் குழாய் மஞ்சள். அட்டையில் மஞ்சளுக்கு நேரே 6.0 என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே அட்டையில் நிறமே கிடையாது. 5 ஆக இருந்தாலும் அதே மஞ்சள்தான். கேஎச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறியது; ஒன்றுக்கும் கீழே. அரை என்று வைத்துக்கொண்டு இணையத்தில் எல்லாரும் பகிரும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு அட்டவணையில் பார்த்தேன். கேஎச் 0.5, பிஎச் 6: லிட்டருக்கு 15 மில்லிகிராம். பச்சை நிறக் கட்டம். 'செடிகளுக்கு ஏற்றது' என்று அர்த்தம்.

அந்த அட்டவணை பொய் சொல்லவில்லை. அதைத் தப்பான கேள்விக்கு நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். தண்ணீரில் இருக்கும் அமிலம் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே, காரம் பைகார்பனேட் மட்டுமே என்ற நிபந்தனையில்தான் அது செல்லும். என் தொட்டியில் பிஎச்-ஐ இறக்கியது பாக்டீரியா விட்ட அமிலம். வாதாம் இலைச் சாயமோ பாஸ்பேட் பாட்டிலோ கலந்த தொட்டியிலும் இதே ஏமாற்றம் நடக்கும். நிபந்தனையை அச்சடிக்காமல் அட்டவணையை மட்டும் பரப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மீன்கள் மூலையில் ஒதுங்கி நின்றன. அம்மோனியா சோதித்தேன். அட்டையின் கடைசிக் கரும்பச்சை, 8. அவ்வளவு அமிலத்தில் அந்த பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். ஆனால் மீன்கள் உயிரோடு இருந்தன. பிஎச் 6-இல் அதில் விஷமான வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மற்றதெல்லாம் தீங்கு குறைவான அம்மோனியம். ஒரு விதத்தில் அந்த அமிலம்தான் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? பயத்தில், கையருகில் இருந்த போர் தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றினேன். முந்தின நாள் பிடித்து வைத்தது, பிஎச் 8.2. தொட்டி கிட்டத்தட்ட 8-க்கு ஏறியது. அம்மோனியா அளவு பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் பிஎச் 8-இல் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு விஷம். பாதியாகக் குறைத்துவிட்டு நூறு மடங்கு வீரியமாக்கினேன். உப்பின் அளவு திடீரென ஏறிய அதிர்ச்சி வேறு. விடியும்போது பன்னிரண்டும் மேலே மிதந்தன.

மலையில் ஐயாற்றங்கரையில் அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. அறுத்த மீன் மறுபடி பொருந்தி நீந்திப் போனதாக ஐதீகம். ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டுக் கும்பிடுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது படிக்கட்டில் உட்கார்ந்து அந்த மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் மென்னீர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் நிற்பதில்லை. ஒவ்வொரு நிமிஷமும் புதுசு. மீன் விடுவதையெல்லாம் அடித்துக்கொண்டு ஆகாய கங்கையில் விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிவிடும். ஆற்றுக்குத் தாங்கல் தேவையில்லை, ஓட்டம் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்த கணமே நான் ஓட்டத்தை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வால்ஸ்டாடோடு என் வழக்கு

இவ்வளவுக்கும் பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். மென்னீர் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது, கால்சியம், மக்னீசியம் உப்புகளைச் சேர்க்கச் சொல்வதும் இருக்கிறது. குற்றம் வாசித்தவன்மேல்தான் முதலில். ஆனாலும் இரண்டு விஷயங்களில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஒன்று, சாதாரண மண்ணே போதும் என்ற துணிச்சல். கடையில் விற்கும் விலை கூடிய மண்ணுக்கு எதிரான வாதமாக அது நியாயம். ஆனால் 'சாதாரண மண்' என்று ஒன்று எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் சுண்ணாம்பு நிறைந்த தோட்டமண்ணும், சுண்ணாம்பு முழுக்கக் கழுவப்பட்ட செம்மண்ணும் இருக்கின்றன. எனக்கு இரண்டுமே சாதாரணம்.

இரண்டு, செடிகள் ஒன்றையொன்றும் பாசியையும் வேதிப்பொருள் விட்டு அடக்குகின்றன என்பதற்கு அவர் கொடுக்கும் இடம். ஆய்வகத்தில் இலைச்சாறு எடுத்துச் சோதித்த முடிவுகளிலிருந்து வீட்டுத் தொட்டிக்குத் தாவுவது பெரிய தாவல். அந்தப் பக்கங்களில் பாதியைக் காரத்தன்மைக் கணக்குக்குக் கொடுத்திருந்தால் என்னைப் போன்ற ஆட்களுக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், அதையும் செய்தவன் நான்தான். போர் தொட்டியின் 8.2-ஐ 6.8 ஆக்க பிஎச் இறக்கும் திரவம் ஒன்று வாங்கி ஊற்றினேன். சாயங்காலம் 6.8. மறுநாள் மதியம் பழையபடி 8. அமிலம் பைகார்பனேட்டில் கொஞ்சத்தைக் கார்பன் டை ஆக்சைடாக்கும். அது காற்றில் போகும். மிச்சம் இருக்கும் பைகார்பனேட் பிஎச்-ஐத் திரும்ப மேலே தூக்கும். அந்த மாதிரித் திரவங்கள் பலவற்றில் இருப்பது பாஸ்பேட். அது மட்டும் தங்கிவிட்டது. பச்சைப் பாசி பிடித்துக் கண்ணாடி தெரியவில்லை. மோலிகளுக்கு 8.2 பற்றி எந்தப் புகாரும் இருந்ததில்லை. புகார் எனக்கும் அட்டைக்கும் இடையில்தான்.

இப்போது

மலைத்தொட்டிக்கு மருந்து நாமக்கல்லிலேயே கிடைத்தது. முட்டைக் கோழிக்கு ஓடு கெட்டியாக இருக்கத் தீவனத்தில் கிளிஞ்சல் நொறுக்கு கலப்பார்கள். தீவனக் கடையில் அரைக் கிலோ கேட்டேன்.

"எத்தன கோழிங்க?" என்றார்.

"மீனுக்குங்க."

"மீன் முட்ட போடுமுங்களா?" என்று சிரித்துவிட்டுக் காசு வாங்காமல் கொடுத்தார்.

அதைக் கழுவி ஒரு பழைய சாக்ஸில் கட்டி ஃபில்டர் வாயில் போட்டிருக்கிறேன். அமிலம் கூடினால் வேகமாகக் கரையும், குறைந்தால் நின்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது நாலு பங்கு மலைத் தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர். கணக்குப்படி கேஎச் 4 பக்கம் வரும், வருகிறது. சோதனையில் ஒரு சின்னத் தந்திரம்: மென்னீருக்குக் கேஎச் பார்க்கும்போது 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி எடுங்கள். ஒரு சொட்டு அரை டிகிரியாகிவிடும், துல்லியம் கூடும். ஃபில்டரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். வாலிஸ்நேரியா இப்போது ஆறு கன்று விட்டிருக்கிறது.

பிஎச் பார்ப்பதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் முதலில் பார்ப்பது கேஎச், அடுத்து ஜிஎச், கடைசியில்தான் பிஎச். போன வாரத்தைவிட மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். எந்த எண் நல்லது என்று கேட்பதில்லை. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: எந்தச் செடி, எந்த மீன் என்று புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் தண்ணீரின் ஆய்வு அறிக்கையில் மொத்தக் காரத்தன்மை என்ற வரியைத் தேடி 17.85-ஆல் வகுத்துப் பாருங்கள். 8-க்கு மேல் வந்தால் வால்ஸ்டாடை அப்படியே நம்பலாம். 2-க்குக் கீழே வந்தால் கிளிஞ்சல் வாங்கி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நியான் டெட்ரா மறுபடி வாங்கவில்லை. மலைத்தொட்டி நாலு மாசமாகச் செடியும் நத்தையுமாக இருக்கிறது. நத்தைகளின் ஓடு முன்பு வெள்ளையாக அரித்துப்போயிருக்கும். இப்போது விளிம்பில் புது ஓடு பழுப்பாக வளர்கிறது. இன்னும் ரெண்டு மாசம் கேஎச் அசையாமல் நின்றால் கடைக்காரரிடம் போவேன். அதுவரை அம்மா எடுக்கிற சொம்புக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.